கருந்துளையின் ஓசையும் பெங்களூருவின் கணக்கும்

அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு, லிவிங்ஸ்டன் ஆகிய இரு இடங்களில் அமைந்த லைகோ கருவிகள் 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலையை முதன்முறையாகப் பதிவு செய்தன. அச்செய்தி 2016 பிப்ரவரி 11 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அதில் இந்தியர் எத்தனை பேர் பங்கேற்றனர் என்ற தலைக்கணக்கே நம் நாட்டில் பெரிதும் பேசப்பட்டது. உண்மையில் இந்தியாவின் முதன்மைப் பங்களிப்பு, கருவிகள் அமைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, அவை எதைத் தேட வேண்டும் என்று சொல்லிவைத்த கணிதத்தில் இருந்தது. அக்கணிதத்தின் கணிசமான பகுதி பெங்களூருவில் போடப்பட்டது.

டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஓர் அங்கமாக 2007-இல் தொடங்கப்பட்ட சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம், 2015 முதல் வட பெங்களூருவில் ஹேசரகட்டாவை அடுத்த சிவகோட்டே கிராமத்தில் சொந்த வளாகத்தில் இயங்கிவருகிறது. ஐ.சி.டி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் இம்மையத்தில் கணிதமும் கணித இயற்பியலும் ஒரே கூரையின்கீழ் நடைபெறுகின்றன. கரும்பலகையும் கணினியுமே அங்கே முதன்மையான கருவிகள். ஆயினும் இதன் ஈர்ப்பலை ஆய்வின் வேரைத் தேடுவோர், அதே நகரில் சி.வி. ராமன் 1948-இல் நிறுவிய ராமன் ஆய்வு நிறுவனத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பல்லாண்டுகள் பணியாற்றிய இயற்பியலர் பாலா ஐயர், ஓய்வுக்குப் பின் ஐ.சி.டி.எஸ்.ஸில் தம் பணியைத் தொடர்ந்தார்.

நிறையுள்ள பொருள்கள் ஒன்றையொன்று வேகமாகச் சுற்றும்போது வெளியும் காலமும் அதிர்ந்து, அந்த அதிர்வு ஒளியின் வேகத்தில் பரவும் என்பது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டிலிருந்து பெறப்படும் முடிவாகும். அந்த அதிர்வே ஈர்ப்பலை. இரு கருந்துளைகள் மோதுவது போன்ற பெருநிகழ்வில் எழும் அலைகூடப் பூமியை வந்தடையும்போது, லைகோவின் 4 கிலோமீட்டர் நீளக் கரத்தைப் புரோட்டான் ஒன்றின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே நீட்டிச் சுருக்குகிறது. கருவியின் சொந்த இரைச்சலில் இவ்வளவு சிறிய மாற்றம் பெரும்பாலும் அமுங்கிப்போகும் என்பதால், வரவிருக்கும் அலையின் வடிவத்தை முன்னதாகவே கணித்து, பதிவான தரவோடு அதை இடம் இடமாக ஒப்பிட்டுத் தேடும் முறை தேவைப்பட்டது. இவ்வகைத் தேடலுக்கு எத்தகைய மாதிரி அலைவடிவங்கள் வேண்டும் என்பதை இந்திய இயற்பியலர்களான சஞ்சீவ் துரந்தரும் பி.எஸ். சத்யபிரகாஷும் 1991-இலேயே ஆராய்ந்து எழுதினர்.

மாதிரி அலைவடிவத்தைக் கணிப்பதுதான் கடினம். ஒன்றையொன்று சுற்றும் இரு பொருள்களின் பாதையை நியூட்டனின் விதிகளைக் கொண்டு சில வரிகளில் எழுதிவிடலாம். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலோ அதற்கு முழுமையான தீர்வு இல்லை. ஆகவே நியூட்டனின் விடையை முதற்படியாக வைத்துக்கொண்டு, பொருளின் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தின் அடுக்குகளாகத் திருத்தங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் வழியைக் கணித இயற்பியலர் கைக்கொண்டனர். இது நியூட்டனுக்குப் பிந்தைய விரிவு எனப்படும். ஒவ்வொரு படிக்கும் பக்கம் பக்கமாகக் கணக்கு நீளும். ஆனால் அதைத் தவிர்க்க வழியில்லை. இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தபோது 2017 ஆகஸ்டில் பதிவான அலை ஏறத்தாழ 3,000 சுற்றுகள் நீடித்தது என்பதையும், அவற்றில் ஓரிரு சுற்று தவறினாலே மாதிரியும் தரவும் பொருந்தாமல் போகும் என்பதையும் நினைத்தால் அந்த உழைப்பின் தேவை விளங்கும்.

இத்திருத்தங்களின் இரண்டாம் படியை 1995-இல் பாலா ஐயரும், பிரான்ஸின் லூக் பிளான்ஷே, திபோ தமூர் ஆகியோரும், அமெரிக்காவின் கிளிஃபர்டு வில், ஆலன் வைஸ்மன் ஆகியோரும் சேர்ந்து வெளியிட்டனர். முதல் மூவர் ஒரு முறையிலும் மற்ற இருவர் முற்றிலும் வேறொரு முறையிலும் கணக்கிட்டு ஒரே விடையை அடைந்தனர். சோதனைச் சாலையில் சரிபார்க்க வாய்ப்பில்லாத கணக்குக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பதரிது. மூன்றாம் படியில் சிக்கல் முற்றியது. கருந்துளைகளைப் புள்ளிகளாகக் கொண்டதால் சில உறுப்புகள் முடிவிலியாகி, சில மாறிலிகளின் மதிப்பு பிடிபடாமல் நின்றது. வெளியின் பரிமாணம் மூன்று என்று முதலிலேயே வைக்காமல், முழு எண்ணல்லாத ஏதோவொரு பரிமாணத்தில் கணக்கைப் போட்டு, இறுதியில் மூன்றை நெருங்கச் செய்யும் உத்தியால் 2004-இல் அம்மாறிலிகள் தீர்மானிக்கப்பட்டன. அப்பணியிலும் பாலா ஐயர் இருந்தார். அவரிடம் பயின்ற கே.ஜி. அருண் இன்று சென்னைக் கணிதக் கழகத்தில் இத்துறை ஆய்வை நடத்திவருகிறார்.

இந்த விரிவு கருந்துளைகள் நெருங்கிவரும் கட்டத்துக்குத்தான் பொருந்தும். அவை இணைந்தபின் என்ன ஆகும் என்ற கேள்விக்கான விடையும் ஒரு பெங்களூருக்காரரிடமிருந்தே வந்தது. 1938-இல் அந்நகரில் பிறந்த சி.வி. விஷ்வேஷ்வரா, மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மிஸ்னரிடம் ஆய்வு மாணவராக இருந்தபோது, கருந்துளை என்ற பெயரே இன்னும் பரவலாகவில்லை. அத்தகைய பொருளைச் சற்றே குலைத்தால் அது சிதையுமா, நிலைக்குத் திரும்புமா என்று ஆராய்ந்து, அது நிலையானதே என்று அவர் காட்டினார். 1970-இல் நேச்சர் இதழில் வெளியான கட்டுரையில், கருந்துளையின் மீது ஓர் ஈர்ப்பலைத் துடிப்பை ஏவினால் என்ன நேரும் என்று கணித்தார். துடிப்பின் அகலம் கருந்துளையின் அளவோடு ஒப்பிடத்தக்க அளவுக்குக் குறுகியதாக இருந்தபோது, திரும்பி வந்த அலை குறிப்பிட்டதோர் அதிர்வெண்ணில் ஒலித்துப் படிப்படியாக அடங்கியது. கோயில் மணியை எதைக் கொண்டு அடித்தாலும் மணியின் சொந்த ஓசையே கேட்பதுபோல, இந்த ஓசை கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் மட்டுமே பொறுத்தது. நிறை கூடக் கூட அதிர்வெண் குறையும். சென்னையில் கல்வி கற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரும் ஸ்டீவன் டெட்வைலரும் 1975-இல் இவ்வதிர்வெண்களை விரிவாகக் கணித்தனர்.

2015-இல் பதிவான அலை எழுந்த நிகழ்வில் சூரியனைப்போல் ஏறத்தாழ 36 மடங்கும் 29 மடங்கும் நிறைகொண்ட இரு கருந்துளைகள் இணைந்து, 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாயின. எஞ்சிய 3 சூரிய நிறை அலையாகவே வெளியேறியது. இணைந்த கருந்துளையின் ஓசை 250 ஹெர்ட்ஸை ஒட்டி எழுந்து, சில மில்லி நொடிகளில் அடங்கியது. ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த முதல் பதிவை முதலில் கண்டுகொண்டது மாதிரி அலைவடிவம் எதையும் சாராத பொதுத் தேடல் நிரலே. ஆனால் அது தற்செயலான இரைச்சலன்று என்ற உறுதியும், மேற்சொன்ன நிறைகளும், கணித்துவைத்த அலைவடிவங்களோடு ஒப்பிட்டபின்தான் கிடைத்தன.

ஐ.சி.டி.எஸ்.ஸில் பி. அஜித்தும் அவருடைய குழுவினரும் வகுத்த சோதனை இந்த இடத்தில் வருகிறது. அலையை 132 ஹெர்ட்ஸ் அருகே இரண்டாகப் பிரித்து, முற்பகுதியை மட்டும் கொண்டு இறுதிக் கருந்துளையின் நிறையையும் சுழற்சியையும் ஒருமுறை கணிக்க வேண்டும். பிற்பகுதியை மட்டும் கொண்டு மறுமுறை கணிக்க வேண்டும். பொதுச் சார்பியல் சரியானால் இரு விடைகளும் ஒத்துப்போக வேண்டும். பிழை வரம்புக்குள் அவை ஒத்துப்போயின. எளிமையான யோசனைதான், எனினும் இன்றளவும் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டை ஈர்ப்பலைகளால் சோதிக்கும் வழக்கமான முறைகளில் ஒன்றாக அது நிலைபெற்றுவிட்டது.

தாம் கணித்த ஓசை கேட்டுவிட்ட செய்தியை அறியும் பேறு விஷ்வேஷ்வராவுக்கு வாய்த்தது. அவர் 2017 ஜனவரியில் காலமானார். 2025 ஜனவரி 14 அன்று முன்னெப்போதையும்விடத் தெளிவாகப் பதிவான ஓர் அலையில், அவ்வோசையின் ஒன்றுக்கு மேற்பட்ட சுரங்கள் பிரித்தறியப்பட்டன. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா கருவியை அமைக்க 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்துள்ளது. அது இயங்கத் தொடங்கும்போது அதன் தரவைப் படித்தறியப் பயிற்சி பெற்ற இளைஞர்கள் பலர் வேண்டும். ஐ.சி.டி.எஸ். பொதுமக்களுக்காக நடத்தும் ‘காப்பி வித் குரியாசிட்டி’ சொற்பொழிவுகள் கட்டணமற்றவை. பெங்களூருவில் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள் பள்ளி, கல்லூரிகளில் பயிலும் தம் பிள்ளைகளை அவற்றுக்கு ஒருமுறையேனும் அழைத்துச் செல்ல வேண்டும்.