ட்ரவுட் பிடிக்கப் போறீங்களா? வேனை கடைசியா புக் பண்ணுங்க

மூணாவது வருஷம் எங்க ஃபிஷிங் கிளப்பில் 12 பேர் சேர்ந்து நீலகிரிக்கு ஒரு வீக்எண்ட் ட்ரிப் பிளான் பண்ணினோம். முதல் நாளே வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. டி-ஷர்ட் கூட ரெடி. செக்போஸ்ட்ல "தூண்டிலுக்கு பெர்மிஷன் எங்கப்பா?"ன்னு ஒரு கேள்விதான் கேட்டாங்க. யாருகிட்டயும் பதில் இல்ல. ஊட்டியில் வர்க்கி சாப்பிட்டுட்டுத் திரும்பினோம். தப்பு முழுக்க எங்களோடது. வேன்ல இருந்து பிளானை ஆரம்பிச்சோம், மீன்ல இருந்து ஆரம்பிச்சிருக்கணும்.

முதல்ல மீனைத் தெரிஞ்சுக்கலாம். ட்ரவுட் நம்ம ஊர் மீன் இல்ல. 1863-லேயே ஃபிரான்சிஸ் டே இதை நீலகிரிக்குக் கொண்டுவர முயற்சி பண்ணி, தோற்றுப்போனார். அதுக்கு நாற்பது வருஷம் கழிச்சு எச்.சி. வில்சன் வந்தார். 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. இங்கே நிலைத்தது ரெயின்போ ட்ரவுட் என்ற வகை.

ஏன் மலைமேல மட்டும்? காரணம் ஆக்சிஜன். கடல்மட்டத்தில் 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைச்சு வைக்கும். 25 டிகிரியில் அது எட்டு சொச்சமாகக் குறையும். ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட நாலில் ஒரு பங்கு கம்மி. அதனால கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். தண்ணி சூடானா மீனுக்கு ஆக்சிஜன் தேவை கூடும், கிடைப்பதோ குறையும். அந்த நேரத்தில் தூண்டிலில் மாட்டிப் போராடின மீன், நீங்க திருப்பி விட்டாலும் பிழைக்கிறது கஷ்டம்.

அதனால பையில் முதலில் வைக்க வேண்டியது தெர்மாமீட்டர். தண்ணி 20 டிகிரியைத் தாண்டினா தூண்டிலை மடிச்சு வைங்க. விடியற்காலையும் சாயங்காலமும் நல்ல நேரம். ஓடை வந்து ஏரியில் சேரும் இடம் குளிர்ச்சியா இருக்கும், அங்கே முயற்சி பண்ணுங்க. மத்தியான நேரத்தை சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் ஒதுக்குங்க.

இப்போ பிளானை வரிசையாப் பார்ப்போம்.

ஒன்று, அனுமதி. ஏரியைப் பொறுத்து மீன்வளத் துறை, வனத்துறை, மின்வாரியம்னு ஒண்ணுக்கு மேற்பட்ட இடத்தில் கேட்க வேண்டியிருக்கலாம். எழுத்தில் வாங்குங்க, பிரிண்ட் எடுத்துக்கோங்க. எத்தனை மீன், என்ன அளவு எடுக்கலாம்னு அப்பவே கேளுங்க. முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலை நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க. வெளி மாவட்ட வண்டி நீலகிரிக்குள் வர 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே தடை. ஸ்டீல் பாட்டில் கொண்டு போங்க.

ரெண்டு, தேதி. பருவமழை நேரத்தைத் தவிருங்க. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அனுமதி கைக்கு வந்த பிறகு வேன் புக் பண்ணுங்க.

மூணு, ஆள் கணக்கு. 12 பேருக்கு 12 தூண்டில் வேண்டாம். நாலு போதும், மாத்தி மாத்திப் போடலாம். கரையில் கூட்டம் கூடினா மீன் கலையும். ஸ்னெல் விதி ஞாபகம் இருக்கா? தண்ணிக்கு மேல இருக்குற உலகம் மொத்தமும் மீனுக்குத் தலைக்கு மேல சுமார் 97 டிகிரி கூம்புக்குள்ள தெரியும். கரையில் நிமிர்ந்து நிக்கிற ஆள் அதில் நல்லாவே தெரிவான். கொஞ்சம் தள்ளி, குனிஞ்சு நில்லுங்க. எக்ஸாமுக்குப் பிறகு ஸ்னெல் எனக்கு உதவினது அங்கேதான்.

நாலு, பாதுகாப்பு. இதை ஸ்கிப் பண்ணாதீங்க. எமரால்டு, அவலாஞ்சி ரெண்டும் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகள். மின் உற்பத்திக்குத் தகுந்த மாதிரி தண்ணி மட்டம் ஏறும், இறங்கும். தண்ணி வடிஞ்ச சேறு பார்க்க கெட்டியா இருக்கும், கால் வெச்சா உள்ள இழுக்கும். தண்ணியும் ரொம்ப குளிரு. திடீர்னு விழுந்தா உடம்பு தானா மூச்சை உள்ளே இழுக்கும், வாய்க்குள் தண்ணி போயிடும். நல்லா நீச்சல் தெரிஞ்சவனுக்கும் இதே கதிதான். அதனால யாரும் தண்ணியில் இறங்கக் கூடாது. கரை ஓரம் நிக்கிற நாலு பேருக்கும் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். டி-ஷர்ட் காசை அதுக்குப் போடுங்க.

மீன் மாட்டினா சீக்கிரம் கரைக்குக் கொண்டுவாங்க. கையை நனைச்சுட்டுத்தான் தொடணும். காய்ந்த கை பட்டா அதன் உடம்பு மேல இருக்கும் வழவழப்பு போயிடும், அதுதான் அதுக்கு நோய்த் தடுப்பு. முள்ளின் எதிர்க்கொக்கியை வீட்டிலேயே கொறடால் அமுக்கி வெச்சுட்டா மீனைக் கழற்றுவது சுலபம். விடப்போற மீனை போட்டோவுக்காகப் பத்து செகண்டுக்கு மேல் வெளியே வைக்காதீங்க.

அடுத்த வருஷம் அனுமதி வாங்கிட்டுப் போனோம். காலை ஆறரைக்கு தண்ணி 14 டிகிரி. ரெண்டு நாளில் 12 பேருக்கு மொத்தம் மூணு மீன். மூணையும் விட்டோம், மூணும் வாலை ஆட்டிட்டுப் போச்சு. திரும்பி வரும்போது செக்போஸ்ட்ல "மீன் கிடைச்சுதா தம்பி?"ன்னு கேட்டாங்க. இந்தத் தடவை எங்ககிட்ட பதில் இருந்துச்சு.