சிப்பாய்ப் பாட்டனார் குதாதாத் கான்

போர்முனை கண்ட பாட்டனார்மார் எத்தனையோ பேர். அவர்களுள் பஞ்சாபின் சக்வால் பகுதியில் பிறந்த குதாதாத் கான் நினைவுகூரத் தக்கவர்.

1914 அக்டோபர் 31. பெல்ஜியத்தின் ஹோல்பெக் கிராமத்தருகே அன்னாரின் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் மற்ற ஐவரும் மாண்டனர். காயமுற்ற நிலையிலும் அவர் சுட்டுக்கொண்டே இருந்தார். இறந்துவிட்டாரென ஜெர்மானியர் விட்டகல, இரவிருளில் ஊர்ந்தே தம் படையை அடைந்தார். குதாதாத் என்றால் இறைவன் அளித்தது என்று பொருள்; உயிரும் அவ்வாறே மீண்டது!

விக்டோரியா சிலுவை விருது பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் இவரே. இந்தியருக்கு அவ்விருதைப் பெறும் உரிமை வழங்கப்பட்டதே 1911-இல்தான்.

சுபேதாராக ஓய்வுபெற்று, பேரப்பிள்ளைகளையும் கண்டு, 1971-இல் 82-ஆம் வயதில் வஃபாத்தானார். அன்னார் குருதி சிந்திய பேரரசோ 1947-இலேயே கப்பலேறியிருந்தது.

அல்லாஹ் அன்னாரின் பிழை பொறுப்பானாக!