காம்பவுண்ட் வில்லுக்கு ஸ்டெபிலைசர்: 10 இன்ச்சா, 30 இன்ச்சா? வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

2023-ல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் காம்பவுண்ட் வில்வித்தையின் 5 தங்கங்களையும் இந்தியா அள்ளியது. ஜோதி சுரேகா, ஓஜஸ் தேவ்தலே இருவருக்கும் தலா 3 தங்கம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் பிரிவு முதல்முறையாகச் சேர்கிறது. வீட்டில் ஒரு பிள்ளை 'எனக்கும் வில் வேணும்' என்று கேட்க இது போதாதா?

வில்லோடு நின்றுவிடாது செலவு. அடுத்து வருவது ஸ்டெபிலைசர். இணையத்தில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, வேட்டை வில்லுக்கான குட்டைக் கம்பிகள். தெரியாமல் வாங்கினால் இரட்டைச் செலவு.

இது எதுக்கு?

வில்லின் நடுச்சட்டத்தில் திருகி மாட்டும் கம்பி, நுனியில் எடைக்கட்டி. கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடி நீளக் கழி பிடிப்பது எதற்கோ, அதற்குத்தான் இதுவும். கை ஆடினாலும் வில் சட்டென்று திரும்பாது. அதே எடையை 3 மடங்கு தள்ளி வைத்தால், திரும்புவதற்கான எதிர்ப்பு 9 மடங்காகும்.

வேட்டைக் கம்பி ஏன் குட்டை?

புதருக்குள் சிக்கக் கூடாது என்பதால் 6 முதல் 12 இன்ச். இங்கே அந்தத் தேவையே இல்லை. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி வேட்டை குற்றம். பழவேற்காட்டுப் பறவைகள் மீது அம்பு விட்டால் சிறைதான். போட்டியில் 50 மீட்டர் தூரத்தில் 8 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் அடித்தால்தான் 10 புள்ளி. அதற்கு முன்கம்பி 27 முதல் 33 இன்ச், பக்கக் கம்பி 10 முதல் 15 இன்ச் வரை வைப்பது வழக்கம்.

எடை எவ்வளவு?

* முதலில் பயிற்சி மையத்தில் இரவல் கம்பி மாட்டிப் பாருங்கள். எடையை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். குறிப்புள்ளி கீழே இறங்கிக்கொண்டே இருந்தால் முன்எடை அதிகம்.
* 30 இன்ச் முன்கம்பியில் 100 கிராம் என்றால், அதைச் சமன் செய்ய 10 இன்ச் பின்கம்பியில் ஏறத்தாழ 300 கிராம் வேண்டும்.
* குறிபார்க்கும் கருவியில் இருக்கும் ரசமட்டக் குமிழ் ஒரே பக்கம் ஓடினால், பக்கக் கம்பியின் கோணத்தை மாற்றுங்கள்.
* காற்று அதிகமுள்ள மைதானத்துக்கு மெல்லிய கார்பன் கம்பி நல்லது.

லேத்தில் கடையலாமா?

கம்பியைக் கடையில் வாங்குவதே நல்லது. எடைக்கட்டியை மட்டும் கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்பேட்டை ஊரில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்துகொள்ளலாம். ஆனால் மரையில் கவனம் வேண்டும். வில்லில் இருப்பது 5/16 இன்ச், ஒரு இன்ச்சுக்கு 24 புரி. பார்க்க 8 எம்எம் போல்ட் போலவே இருக்கும். அதன் புரி இடைவெளி வேறு. 'லேசா இறுக்குனா ஏறிடும்' என்று முறுக்கினால் நடுச்சட்டத்தின் மரையே போய்விடும். எடைக்கட்டிகளில் வேறு அளவு மரையும் வருவதுண்டு. அதனால் பழைய எடைக்கட்டி ஒன்றைக் கையோடு பட்டறைக்கு எடுத்துப்போய், அதைக் காட்டிக் கடையச் சொல்லுங்கள்.