இடமா? வலமா?

ஒரு கேள்வி.

சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டுக் கடலில் இரண்டு இன்ஜின் படகுகள் நேருக்கு நேர் வருகின்றன. மோதாமல் இருக்க எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

"இடப்பக்கம்தான் சார்!" என்கிறீர்களா? தவறு! 1972ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல் விதிப்படி, இரண்டும் தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அதே மீனவர் கரைக்கு வந்து பைக்கில் ஏறினால், இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். தண்ணீரில் ஒரு விதி, தரையில் ஒரு விதி!

நாட்டுக்கு நாடும் இப்படித்தான். பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் நாட்டில் இன்று வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. பின்னால் வந்த ஆங்கிலேயர்களின் வழக்கம் இடப்பக்கம். அதுவே நமக்கு நிலைத்துவிட்டது. இலங்கை, ஜப்பான், ஆஸ்திரேலியாவிலும் இடப்பக்கம்தான். ஆனால், உலகின் பெரும்பாலான நாடுகளில் வலப்பக்கம்!

என்னிடம் படித்த மீனவர் வீட்டுப் பையன் ஒருவர், துபாய்க்கு டிரைவர் வேலைக்குப் போனார். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். கியர் போடுவது வலக்கையால். முதல் நாள் இண்டிகேட்டர் என்று நினைத்து வேறு குச்சியைத் தட்டிவிட்டார். மழையே பெய்யாத நேரத்தில் வைப்பர் ஆடியதாம்!

"நிறைய வண்டிகள் போகும்போது பயமில்லை சார், அவற்றின் பின்னாலேயே போய்விடலாம். ஆளில்லாத ரோட்டில்தான் பழைய பழக்கம் இடப்பக்கம் இழுக்கும்" என்றார். அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். நம் ஊரானாலும் துபாயானாலும், டிரைவர் உட்காரும் பக்கம் ரோட்டின் நடுவை ஒட்டியே இருக்க வேண்டும். ஓரத்தை ஒட்டி இருந்தால், தப்பான பக்கம் போகிறோம் என்று அர்த்தம்!

ஒரு நாடே பக்கம் மாறிய கதையும் உண்டு. 1967 செப்டம்பர் 3ஆம் தேதி அதிகாலை, சுவீடனில் வண்டிகள் எல்லாம் நின்றன. மெல்ல வலப்பக்கம் மாறின. 5 மணிக்கு மீண்டும் புறப்பட்டன. பக்கத்து நாடுகளில் எல்லாம் வலப்பக்கம் என்பதால் இந்த மாற்றம். சமோவா தீவு நாடு 2009இல் வலத்திலிருந்து இடத்துக்கு மாறியது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து கார்களைக் குறைந்த விலைக்கு வாங்கலாம் அல்லவா!

"நாங்கள் வண்டி ஓட்டுவதில்லையே" என்கிறீர்களா? இதைக் கேளுங்கள். அந்த மாணவரின் மகள் முதன்முறை துபாய் போனபோது, நம்மூர்ப் பழக்கத்தில் வலப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ரோட்டில் கால் வைத்தாள். இடப்பக்கமிருந்து கார் ஒன்று பாய்ந்து வந்தது! அம்மா கையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள்.

நம் நாட்டில் ரோட்டைக் கடக்கும்போது முதலில் வலம், பிறகு இடம், மறுபடி வலம் பாருங்கள். துபாய் போன்ற ஊர்களில் முதலில் இடம், பிறகு வலம், மறுபடி இடம். மறந்துவிட்டால்? இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு, பெரியவர் கையைப் பிடித்துக் கடந்து போங்கள்.

இடமும் சரி, வலமும் சரி. எல்லோரும் ஒரே பக்கம் போவதுதான் முக்கியம். புது ஊருக்குப் போனால், அந்த ஊர் வழக்கத்தை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள்தானே?