கடைத்தெருக்களின் கதை – 9: தராதவர் வாசலிலும் வெளிச்சம்

1964-ல் டொராண்டோ நகரில் யார்க்டேல் என்ற பிரமாண்டமான ஷாப்பிங் மால் திறந்தது. கார் நிறுத்தத் தாராளமாக இடம், பனிக்காலத்திலும் நடுங்காமல் கடை கடையாகச் சுற்றிவரும் வசதி. நகரின் மேற்குப் பகுதியில், புளூர் தெருவில் கடை வைத்திருந்தவர்களின் வயிற்றில் அது புளியைக் கரைத்தது. 1968-ல் அடுத்த அடி. சுரங்க ரயில் அங்கேயும் நீண்டது; டிராம் நின்றது. டிராமில் போனவர்கள் ஜன்னல் வழியே கடைகளைப் பார்ப்பார்கள். தோன்றினால் இறங்கி ரொட்டியோ இறைச்சியோ வாங்குவார்கள். சுரங்கத்துக்குள் போகிறவர் கண்ணில் கடை எப்படிப் படும்?

ஆட்களை மறுபடி தெருவுக்கு இழுக்க, சங்கம் வைத்து, சந்தா திரட்டி, மரங்களில் விளக்குச் சரம் மாட்டலாம். நடைபாதையில் பூந்தொட்டியும் பெஞ்சும் போடலாம். ஆனால் நாலு பேர் பணத்தில் விளக்குப் போட்டால், பணம் தராத ஐந்தாவது கடையின் வாசலிலும் வெளிச்சம் விழத்தான் செய்யும். அதைப் பார்த்து அடுத்த வருடம் நாலாமவரும் கையை இழுத்துக்கொள்வார். விருப்பச் சந்தாவை நம்பும் கடைத்தெருச் சங்கங்கள் பெரும்பாலும் இப்படித்தான் கரைந்துபோகின்றன.

புளூர் தெருக்காரர்கள் மாநகராட்சியிடம் போனார்கள். எல்லைக்குள் இருக்கும் எல்லாரும் கட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வேண்டும் என்றார்கள். தங்கள் மீதே ஒரு வரியைக் கேட்டு வாங்கிய வியாபாரிகள்! ஒன்டாரியோ மாகாணம் வழிசெய்தது. 1970-ல் ‘புளூர் வெஸ்ட் வில்லேஜ்’ உலகின் முதல் வணிக மேம்பாட்டு வட்டாரமானது.

ஏற்பாடு எளிமையானது. வட்டாரத்துக் கடைக்காரர்களும் கட்டட உரிமையாளர்களும் கூடி ஆண்டு வரவு செலவை முடிவுசெய்கிறார்கள். மாநகராட்சி மன்றம் ஒப்புதல் தருகிறது. சொத்தின் மதிப்புக்கேற்ற தொகையைச் சொத்து வரியோடு சேர்த்து மாநகராட்சியே வசூலித்து, வட்டார நிர்வாகக் குழுவிடம் கொடுத்துவிடுகிறது. வசூலுக்காக யாரும் நோட்டுப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்க வேண்டியதில்லை. இன்று டொராண்டோவில் மட்டும் இப்படி எண்பதுக்கும் மேற்பட்ட வட்டாரங்கள்.

அமெரிக்காவில் இந்த யோசனை நியூ ஆர்லியன்ஸ் வழியாக நுழைந்து நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் என்று பரவியது. அங்கே குப்பை அள்ளுவதும் காவலும்தான் பெரிய செலவு. பலனும் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரங்களை ஆராய்ந்த ராண்ட் நிறுவனம், அங்கே வழிப்பறி ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்ததாக 2009-ல் சொன்னது.

ஆனால் யார் முதுகில் ஏறி இந்தச் சுத்தம் வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் வட்டாரம், வேலைப் பயிற்சி என்ற பெயரில் வீடற்றவர்களை வேலை வாங்கியது. கூலி மணிக்கு ஒரு டாலர், மிஞ்சினால் ஒன்றரை டாலர். குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று 1998-ல் தீர்ப்பளித்தார் நீதிபதி சோனியா சொட்டோமேயர். பின்னாளில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். வியாபாரம் செழிக்க வேண்டும் என்பதற்காக, வீடில்லாதவன் உழைப்பை அடிமாட்டு விலைக்கு வாங்குவது எந்த வகை மேம்பாடு?

இன்னொரு சிக்கல், முடிவெடுக்கும்போது யார் ஓட்டு அதிகம் என்பதில் இருக்கிறது. நியூயார்க்கில் நிர்வாகக் குழுவில் கட்டட உரிமையாளர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். அவர்கள் கட்டும் தொகையோ குத்தகை ஒப்பந்தம் வழியாகப் பல இடங்களில் கடைக்காரர் தலையில் இறங்கிவிடுகிறது. தெரு அழகானால் வாடகையும் ஏறும். குயின்ஸ் பகுதியின் ஜாக்சன் ஹைட்ஸில் சின்ன வட்டாரம் ஒன்றை ரூஸ்வெல்ட் அவென்யூ நெடுக விரிக்க 2013-ல் யோசனை வந்தபோது, தள்ளுவண்டிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும் எதிர்த்து நின்றது இந்தப் பயத்தால்தான். அவர்களில் பலர் லத்தீன் அமெரிக்காவிலிருந்து குடியேறியவர்கள். வாடகைக்காரருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் குழுவில் உறுதியான இடம் தராமல் வட்டாரத்தை விரிக்கக் கூடாது என்பதே சரி. கட்டாய வசூலுக்கு மாநகராட்சி துணை நிற்கிறதென்றால், அந்த நிபந்தனையைப் போடும் அதிகாரமும் மாநகராட்சியின் கையில்தான் இருக்கிறது.

(தொடரும்)