சுற்றிப் போகிற ரிக்கற் ஏன் மலிவு?

நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஊர் வர நினைப்பவர்கள் ரிக்கற் போட்டு முடிக்கவேண்டிய கிழமைகள் இவை. கனடாவில் ஜூன் கடைசியில் பள்ளிக்கூடம் பூட்டிவிட்டால் பிறகு விலை கேட்கவே பயமாக இருக்கும். பலாலி விமானங்களைப் பற்றி அண்மையில் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே குழப்பத்தைத்தான் சுமந்து வருகின்றன. ரொறன்ரோவில் இருக்கும் அனலைதீவு வாசகர் ஒருவர் அதை இரண்டு வரியில் கேட்டிருந்தார்: "கொழும்புக்குப் போய்க் கொழும்பில் இருந்தே திரும்புகிற ரிக்கற்றைவிட, கொழும்புக்குப் போய்ச் சென்னையில் இருந்து திரும்புகிற ரிக்கற் குறைவாகக் காட்டுது. கொம்பியூட்டர் பிழையோ, நான் பிழையோ?"

இரண்டும் இல்லை.

முதலில் பலாலி. 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்று பலகை இருக்கிறது. சர்வதேசம் என்பது இங்கே சென்னையும் திருச்சியும். 2019 ஒக்டோபர் 17இல் திறந்து, 2020 மார்ச்சில் கொரோனாவோடு மூடி, 2022 டிசம்பர் 12இல் அலையன்ஸ் ஏர் திரும்பி வந்தது. 2024 செப்ரெம்பர் முதலாம் திகதி இன்டிகோ சென்னையில் இருந்தும், 2025 மார்ச் 30இல் திருச்சியில் இருந்தும் பறக்கத் தொடங்கியது. எல்லாம் எழுபது, எண்பது பேர் ஏறுகிற ஏடிஆர் விமானங்கள். ஆகவே லண்டனில் இருந்தோ ரொறன்ரோவில் இருந்தோ வருபவருக்குப் பலாலி ஒரு கடைசித் துண்டு மட்டும்தான். அந்தத் துண்டை எங்கே ஒட்டுவது என்பதில்தான் காசு மிச்சமாவதும் போவதும்.

தேடல் பக்கத்தில் 'மல்ரி சிற்றி' என்ற பொத்தானை அழுத்தி, ரொறன்ரோவில் இருந்து கொழும்பு ஒரு வரியாகவும், சென்னையில் இருந்து ரொறன்ரோ மறு வரியாகவும் போடுங்கள். நடுவில் கொழும்பில் இருந்து சென்னைக்கு எப்படிப் போனீர்கள் என்று விமானக் கொம்பனி கேட்காது. நீங்கள் வான் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, ஊர்காவற்றுறையில் வள்ளம் ஏறி, அனலைதீவு ஐயனாரைக் கும்பிட்டு, பிறகு பலாலியில் ஏடிஆர் ஏறியிருக்கலாம். கொம்பனி கொழும்புப் போய்வரும் கட்டணத்தில் பாதியையும், சென்னைப் போய்வரும் கட்டணத்தில் பாதியையும் எடுத்துக் கூட்டுகிறது. இரண்டு ஒருவழி ரிக்கற் தனித்தனியாக வாங்கினால் பெரிய கொம்பனிகள் பலவற்றில் இந்தப் பாதிக் கணக்குக் கிடைக்காது. சென்னைக்குப் பறக்கிற கொம்பனிகள் அதிகம், போட்டியும் அதிகம். அதனால் அந்தப் பாதி பல நாட்களில் குறைந்து நிற்கும். கலியாணச் சேலை எடுக்கச் சென்னை போகத்தான் போகிறோம் என்று இருக்கிற குடும்பத்துக்கு இது சும்மா கிடைக்கிற இலாபம். ஆனால் ஏடிஆர் ரிக்கற், இந்திய விசாக் கட்டணம் இரண்டையும் கூட்டி, திரும்பக் கட்டுநாயக்கா போகிற வான் கூலியைக் கழித்த பிறகே இலாபம் என்று சொல்லுங்கள்.

இனி எனக்குக் கெட்டித்தனமாகவும் கொஞ்சம் எரிச்சலாகவும் படுகிற இடத்துக்கு வருகிறேன். விமானக் கட்டணம் தூரத்துக்கு இல்லை. பறக்கிற ஒவ்வொரு துண்டுக்கும் இல்லை. தொடக்க ஊர், முடிவு ஊர் என்ற சோடிக்குத்தான் விலை. யாழ்ப்பாணத்தில் இருந்து ஊர்காவற்றுறைக்கு மினிபஸ்ஸில் நூறு ரூபா, அதே பஸ்ஸில் வழியில் வேலணையில் இறங்கினால் இருநூறு ரூபா என்று கொண்டக்டர் கேட்டால் பஸ்ஸை மறித்துச் சண்டை பிடிப்போம். விமானத்தில் அது நாளாந்த நடைமுறை.

காரணம் இதுதான். பிராங்பேட்டில் இருந்து சியாற்றில் நேராகப் போக விரும்புபவருக்கு லுஃப்தான்சாவை விட்டால் வழி குறைவு. அவரிடம் கூடக் கேட்கலாம். ஒஸ்லோவில் இருப்பவருக்கோ அம்ஸ்ரடாம், லண்டன், கொப்பன்ஹேகன் என்று பல வாசல்கள். அவரைப் பிராங்பேட் பக்கம் இழுக்க விலையைக் குறைக்கத்தான் வேண்டும். இப்படி ஒஸ்லோக்காரர் பிராங்பேட்டில் மாறி அதே சியாற்றில் விமானத்தில் ஏறும்போது, பக்கத்துக் கதிரைக்காரரைவிட ஒரு துண்டு கூடப் பறந்தும் குறைவாகக் கட்டியிருப்பார். டோஹாவிலும் டுபாயிலும் இதே கதைதான். டோஹாவில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் கொழும்பு ரிக்கற்றுக்குக் கொடுக்கிற காசைப் பார்த்தால், அதே டோஹாவில் மாறி லண்டனில் இருந்து வருகிறவருடைய ரிக்கற் விசித்திரமாகத் தெரியும். கொம்பனிகள் இதைக் 'கேள்விக்கேற்ற விலை' என்று சொல்லும். கேட்பவருக்கு வேறு வழி இருக்கிறதா இல்லையா என்பதற்கேற்ற விலை என்பதே சரி.

அப்படியானால் நீள ரிக்கற்றை மலிவாக வாங்கி இடையில் இறங்கிவிட்டால்? ஒருவர் அதைச் செய்தார். 2016இல் ஒஸ்லோவில் இருந்து பிராங்பேட் வழியாகச் சியாற்றில் போய்த் திரும்பி வந்தவர், பிராங்பேட்டில் இறங்கி, கடைசி ஒஸ்லோத் துண்டைக் கைவிட்டு, வேறு ரிக்கற்றில் பேர்லின் போய்விட்டார். லுஃப்தான்சா கட்டணத்தைத் திரும்பக் கணக்கிட்டு 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. பறக்காத பறப்புக்குக் காசு! கணக்கு எப்படி வந்தது என்பது பயணிக்கு விளங்கும்படி இல்லை என்று பேர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் வழக்கைத் தள்ளியது. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டு நீங்களும் தொடங்க வேண்டாம். ஏற்றிய பெட்டி ரிக்கற்றின் கடைசி ஊருக்குத்தான் போகும். இரண்டு 23 கிலோப் பெட்டியில் மிளகாய்த்தூளும் ஒடியலும் பனங்கட்டியும் கொண்டுபோகிற ஆட்களுக்கு இந்த விளையாட்டுச் சரிவராது.

இதைவிட முக்கியமானது, ரிக்கற் ஒழுங்கு மாறாமல் பாவிக்கப்பட வேண்டும் என்ற விதி. மின் ரிக்கற்றுக்குள் ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு கூப்பன் இருக்கிறது. ஒரு 13 இலக்க ரிக்கற் எண்ணுக்கு நாலு கூப்பன்வரை. முதலாவதைப் பாவிக்காமல் விட்டால் மிச்சம் எல்லாம் பூட்டப்படும். கடைசியைக் கைவிட்டவர் தப்பலாம், முதலாவதைக் கைவிட்டவர் தப்ப மாட்டார். லண்டனைவிடப் பாரிஸில் இருந்து மலிவு என்று பாரிஸ்–லண்டன்–கொழும்பு வாங்கி, லண்டனில் ஏறலாம் என்று போய் நின்றால், கவுண்டரில் உங்கள் பெயருக்கு ரிக்கற் இருக்காது. ஒரு சிறு ஊரில் இருந்து தொடங்கும் மலிவு ரிக்கற் வேண்டுமென்றால் அந்தச் சிறு ஊருக்கு உண்மையாகவே போய்த்தான் ஏற வேண்டும்.

வேறு வேறு ரிக்கற்றாக வாங்குபவர்களுக்குச் சென்னையில் ஒரு பொறி. ரொறன்ரோ–சென்னை ஒரு ரிக்கற், சென்னை–பலாலி வேறு ரிக்கற் என்றால், பெட்டியை எடுத்துத் திரும்ப ஏற்ற நீங்கள் இந்தியாவுக்குள் நுழைந்தாக வேண்டும். விசா இல்லாமல் நடக்காது. திரும்பும்போதும் அதே வழியென்றால் இரண்டாவது நுழைவு. 30 நாள் இந்திய மின்விசா இரண்டு நுழைவுக்குத்தான், முதல் நுழைந்த நாளில் இருந்து 30 நாள்தான். அனலைதீவில் முப்பத்தைந்து நாள் இருந்துவிட்டுப் பலாலிக்குப் போனால் அந்த விசா செத்திருக்கும். அந்தப் பொறியில் விழாமல் இருக்கவும் கொழும்பில் இறங்கிச் சென்னையில் ஏறுகிற மல்ரி சிற்றி உதவும். நுழைவு ஒன்று, அதுவும் பயணத்தின் கடைசியில். நீண்ட நாள் இருப்பவர்கள் ஒரு வருட விசாவைப் பாருங்கள்.

முன் ரிக்கற் பிந்தினால் பின் ரிக்கற்றுக்கு யாரும் பொறுப்பில்லை. சென்னையில் ஓர் இரவு தங்குவது வீண் செலவல்ல. பலாலியில் இறங்கிப் பண்ணை தாண்டி ஊர்காவற்றுறை போய்ச் சேரும்போது கடைசி வள்ளம் நிற்குமா என்பதையும் அதே கணக்கில் சேருங்கள்.

மற்றக் கடிதங்களுக்குச் சுருக்கமாக:

ஏஜென்ற் 'வரி' என்று காட்டும் தொகை முழுக்க வரியா? இல்லை. 'வைகியூ', 'வைஆர்' என்று வருபவை கொம்பனி தன் பெட்டிக்குள் போடும் மேலதிகக் கட்டணம், முன்பு எரிபொருளின் பெயரில் வாங்கியது. பறக்காவிட்டால் அரசாங்க வரியைத் திரும்பக் கேட்கலாம், இதைக் கேட்டுப் பலன் குறைவு.

லண்டனில் விமானம் ஏறுபவருக்கான வரி கூடிவிட்டதா? ஆம். 2026 ஏப்ரல் 1 முதல் எக்கொனமியில் இலங்கைக்கு 90 பவுண் 102 பவுண் ஆனது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இல்லை, போட்டிருந்தால் திரும்பக் கேளுங்கள்.

சென்னையில் எத்தனை மணி நின்றால் 'தங்கல்'? 24 மணிக்கு மேல், கட்டணமும் அப்போது மாறலாம்.

ஏடிஆரில் எத்தனை கிலோ? கனடா ரிக்கற்றில் உள்ளதைவிடக் குறைவு. வாங்குமுன் பாருங்கள், மேலதிகக் கிலோவுக்குக் கவுண்டரில் கட்டுவது மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும்.

திருச்சியில் இருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர்? நேரடி விமானங்கள் இருக்கின்றன. தனி ரிக்கற் என்றால் இந்திய விசா இங்கேயும் வேண்டும்.

நாகபட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல்? 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்ட்டில் திரும்ப ஓடியது. கடல் கொந்தளிக்கிற மாதங்களில் அதை நம்பி நீள ரிக்கற் போட வேண்டாம்.

இரட்டைக் குடியுரிமைக்காரர்? இலங்கைக் கடவுச்சீட்டையும் கையில் கொண்டுவாருங்கள், பெட்டிக்குள் வேண்டாம்.