பட்டன் இருக்கிறது, ரப்பர் இல்லை

சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் 1961-இல் ஸ்டாண்டர்டு கம்பெனி ஹெரால்டு காரைச் செய்யத் தொடங்கியது. இத்தாலியர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடல், 948 சி.சி. என்ஜின், எடை சுமார் 800 கிலோ. இதே சேஸிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் 1962-இல் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. நம் ஊர் ஹெரால்டை அதன் அண்ணன் என்றே சொல்லலாம். இன்றும் அதை உயிராக வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள்.

தூத்துக்குடியில் அப்படி ஒரு வண்டி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் ஒரு சுற்று வரும், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் நிற்கும். “அண்ணாச்சி, டயரை மாத்திருங்க” என்று கடைக்காரர் சொன்னால், “எதுக்குல, பட்டன் அப்படியே இருக்கே” என்ற பதில்தான் வரும். பட்டன் இருப்பது உண்மை. சட்டம் கேட்கிற 1.6 மி.மீ. ஆழத்தைப்போல மூன்று மடங்குகூட இருக்கும். ஆனால் காய்ந்த ரோட்டில் பிடி கொடுப்பது ரப்பரின் மென்மை. நின்றே கிடக்கும் வண்டியில் பட்டனுக்கு முன்னால் அதுதான் போகிறது.

ரப்பரின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். அவற்றைக் கந்தகத்தோடு சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே பாலங்கள் விழும் என்ற தந்திரம் 1839-இல் சார்லஸ் குட்இயருக்குப் பிடிபட்டது. டயர் இழுபட்டாலும் பழைய வடிவத்துக்குத் திரும்புவது அந்தப் பாலங்களால்தான். தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் இந்த வினை நிற்பதில்லை. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து மேலும் மேலும் பிணைப்புகளை உண்டாக்க, ரப்பர் இறுகுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொதுவான கணக்கு. தகரக் கூரைக்கடியில் தூத்துக்குடி கோடையைக் கழிக்கிற டயரும் ஊட்டியில் நிற்கிற டயரும் ஒரே நாளில் வாங்கியவை என்றாலும் ஒரே வயதுடையவை அல்ல.

போதாததற்கு ஓசோன். காற்றில் மிகச் சிறிய அளவே இருந்தாலும், ரப்பர் சங்கிலியின் இரட்டைப் பிணைப்புகளை அது அறுத்துவிடும், அதுவும் ரப்பர் இழுபட்டு நிற்கிற இடத்தில். இதைத் தடுக்கத்தான் டயரில் மெழுகும் 6பி.பி.டி. என்ற வேதிப்பொருளும் கலக்கிறார்கள். வண்டி ஓடி, டயர் மடங்கி விரியும்போது இவை மேற்பரப்புக்கு வந்து படலமாகப் படர்கின்றன. ஓடாத வண்டியில் அந்தப் படலம் சரியாகப் புதுப்பிக்கப்படுவதில்லை. அதனால், ஆசையாக மூடிவைத்த வண்டியின் டயர் தினமும் ஓடுகிற டாக்ஸியின் டயரைவிட முன்னதாக வெடிப்பு விடலாம்.

டார்ச் அடித்துப் பட்டன்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் அடியைப் பாருங்கள். அங்கே மயிரிழையாகக் கோடுகள் தெரிந்தால் அந்த டயர் முடிந்தது. கட்டைவிரல் நகத்தை அழுத்தியும் பாருங்கள். நல்ல ரப்பர் உள்வாங்கி உடனே மீளும், பழையது நகத்துக்கு அசையாது. பிறந்த தேதி பக்கச் சுவரிலேயே இருக்கிறது. 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மூன்று இலக்கமே இருந்தால் 2000-க்கு முந்தியது. பல டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இந்த எண் முழுதாக இருக்கும். அந்தப் பக்கம் உள்ளே திரும்பியிருந்தால் வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கித்தான் படிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் சோதனை, பத்து வருடத்தில் கட்டாய மாற்றம் என்று பெரிய டயர் கம்பெனிகள் சொல்கின்றன. நம் வெயிலுக்கு ஏழு வருடமே போதும் என்பது என் கருத்து. நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவில் இறந்த விபத்துக்குக் காரணம் அதிவேகம். ஆனால் அந்த போர்ஷே காரின் டயர்கள் ஒன்பது வருடப் பழசு என்பதையும் விசாரணை அறிக்கை குறித்தது.

சரி, புதுசு வாங்கலாம். எதை? “அகலமா போடுங்க, கெத்தா இருக்கும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பல ஹெரால்டுகளின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம்தான். அதற்கு 145/80 ஆர்13 சரியாக உட்காரும். 155/80-க்கு நான்கு அங்குல ரிம்மாவது வேண்டும். 185/60 போட்டால், ரிம் பொருந்தாதது ஒரு பக்கம், சக்கரத்தின் விட்டமே 155/80-ஐவிட 26 மி.மீ. குறையும். வண்டி 13 மி.மீ. தாழும், ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும்.

அதைவிடப் பெரிய ஆபத்து பின் அச்சில் இருக்கிறது. ஹெரால்டில் இருப்பது ஸ்விங் ஆக்சில். டிஃபரன்ஷியல் சேஸிஸில் பூட்டியிருக்கும், இரண்டு அரை அச்சுகளும் அதன் இருபுறமும் பறவையின் இறக்கைபோல மேலும் கீழும் அசையும். வேகமாகத் திரும்பும்போது வெளிச் சக்கரத்தை ரோடு உள்நோக்கித் தள்ளுகிறது. அந்த விசை அரை அச்சின் வழியே ஏறி வண்டியின் பின்பக்கத்தைத் தூக்குகிறது. சக்கரம் அடியில் மடங்க, பிடி சட்டென்று விட்டுப்போகிறது. டயர் எவ்வளவு இறுக்கமாக ரோட்டைப் பிடிக்கிறதோ அவ்வளவு பலமாக வண்டி தூக்கப்படும். இந்த வண்டிக்கு அதிகப் பிடியுள்ள அகல டயரைப் போடுவது ஆபத்தை விலைக்கு வாங்குவதுதான். நம் ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இந்த அச்சு பிடிக்கவில்லை என்பதால், 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெஸலில் கம்பெனியே அதைக் கைவிட்டது. அமெரிக்காவில் இதே வகை அச்சு கொண்ட ஷெவர்லே கோர்வெயருக்கு முன் டயரில் 15, பின் டயரில் 26 பி.எஸ்.ஐ. காற்று வைக்கச் சொன்னார்கள், பின்பக்கத்துக்கு முன்னால் முன்பக்கம் பிடி விடட்டும் என்று. பலர் நாலிலும் ஒரே அளவு பிடித்தார்கள். அமெரிக்க வழக்கறிஞர் ரால்ஃப் நாடர் 1965-இல் எழுதிய புத்தகத்தில் பெரிதாக எழுந்த புகார் இது. ஆகவே ஹெரால்டிலும் முன்னுக்கும் பின்னுக்கும் வண்டியின் கையேட்டில் உள்ள காற்றழுத்த வித்தியாசத்தை விடக்கூடாது. இரண்டு டயர்தான் வாங்க முடியும் என்றால் பின்னால் போடுங்கள். ரேடியலையும் பழைய நைலான் டயரையும் ஒரே அச்சில் சேர்க்கவே கூடாது.

மழைக்கும் குறுகிய டயரே நல்லது, அது ஒதுக்க வேண்டிய தண்ணீர் குறைவு. ஆனால் காற்றையும் பார்க்க வேண்டும். டயருக்கு அடியில் தண்ணீர் புகுந்து வண்டி மிதக்கிற வேகத்தை ஏறத்தாழத் தீர்மானிப்பது காற்றழுத்தம். விமான டயர்களுக்காக நாசா கண்ட சூத்திரப்படி 24 பி.எஸ்.ஐ.க்கு அது மணிக்கு 82 கிலோமீட்டர், 30-க்கு 91. திருநெல்வேலி நான்குவழிச் சாலையில் யாரும் எளிதில் தொடுகிற வேகம் இது. பட்டன் ஆழமாக இருந்தால் தண்ணீர் வெளியேற வழி கிடைத்து எல்லை சற்று மேலே போகும். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. கொட்டிய 2023 டிசம்பரைப் பார்த்த மாவட்டத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உப்புக்காற்று டயரைத் தின்கிறது என்று இங்கே சொல்வார்கள். உப்பு ரப்பரை ஒன்றும் செய்வதில்லை. அது தின்பது இரும்பை. முத்தையாபுரம், பழையகாயல் பக்கம் உப்பளங்களை ஒட்டி ஓடும் வண்டிகளில் டயரின் விளிம்பு உட்காரும் இடத்தில்தான் ரிம் துருப்பிடித்துச் செதில்விடும், அந்த வழியே காற்றும் இறங்கும். டயரைக் கழற்றிய அன்றே அந்த விளிம்பைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, பிரைமரும் பெயின்டும் அடித்து, நன்றாகக் காயவிட்டுப் புது டயரை ஏற்றச் சொல்லுங்கள். பழைய ரிம்களில் ட்யூப்லெஸ் டயரின் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு பெரும்பாலும் கிடையாது. அதனால் ரேடியலுக்கென்றே வரும் ட்யூபைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து.